மாமியாரின் அலமாரியைக் கடைசியில் திறங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் மூன்று படுக்கையறை உள்ள வீடு. கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், எண்பதை நெருங்கும் மாமியார். எந்தக் கதவைத் திறந்தாலும் சாமான் சரிகிறது. மினிமலிசம் பற்றிய வீடியோக்களைப் பார்த்த பிறகு எளிமையாக வாழ ஆசை வந்துவிட்டது. ஆனால் மாமியார் ஒரு பழைய டப்பாவைக்கூட வெளியே விடமாட்டேன் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? கேட்ட சகோதரியின் கேள்வி இவ்வளவுதான்.

உங்கள் துணிகளிலிருந்து தொடங்குங்கள். அப்புறம் சமையலறை. அதன்பின் காகிதங்கள், புகைப்படங்கள். மாமியாரின் பொருள்களைக் கடைசியில் எடுங்கள், அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. இந்த வரிசை மாறினால் வேலை பாதியில் நின்றுவிடும், மனஸ்தாபம் மட்டும் மிஞ்சும்.

இங்கே ஒருவர் காலமான பிறகு அவருடைய வீட்டை ஒழுங்குபடுத்த உறவுக்காரர்களுக்குக் கைகொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறேன். பெரிய சோபாவையும் மூன்று கதவு அலமாரியையும் கொடுத்துவிட்டு யாரும் வருந்திப் பார்த்ததில்லை. ஒரு பழைய கடிதம், ஒரு போட்டோ, ஒரு கல்யாண வீடியோ கேசட், இவை குப்பைப் பையோடு போய்விட்டதே என்றுதான் பிறகு தவிக்கிறார்கள். அதனால் நான் சொல்வது எல்லாம் பெரும்பாலும் இதைச் சுற்றியே இருக்கும்: எடை உள்ளதைத் தாராளமாகக் குறையுங்கள், எடை இல்லாததில் நிதானமாக இருங்கள்.

முதலில் மாமியார் ஏன் விடமாட்டேன் என்கிறார் என்று பார்ப்போம். அவருக்கு எண்பது வயது என்றால் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் வந்தபோது சின்னக் குழந்தை. கேட்டோ மேனர், மேகசின் பேரக்ஸ் போன்ற இடங்களிலிருந்து நம் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு மாற்றப்பட்டபோது அவர் இளம்பெண். மரமும் தகரமுமாகக் கட்டிய வீடு, கொல்லையில் மாமரம், கறிவேப்பிலை, முருங்கை, பக்கத்துத் தெருவில் பெரியப்பா, கோயில், தமிழ்ப் பள்ளி எல்லாம் விட்டுவிட்டு லாரியில் ஏற்ற முடிந்ததை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள். அந்த லாரியில் வந்த அம்மி இன்றைக்கு உங்கள் வீட்டுப் பின்வாசலில் கிடக்கலாம். யாரும் மிளகாய் அரைப்பதில்லை, சரி. ஆனால் அது பழைய வீட்டிலிருந்து மிஞ்சிய பொருள். அதை ‘வேண்டாத சாமான்’ என்று நீங்கள் சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த வரலாறு இருக்காது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று பார்க்கும் ஜப்பானிய முறை நல்ல முறைதான். உங்கள் சொந்தத் துணிக்கும் செருப்புக்கும் அப்படியே பயன்படுத்துங்கள். இன்னொருவர் பொருளுக்கு அதைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை.

டர்பன் இருக்கும் இதே நேட்டாலில் நடந்த ஒரு விஷயம் இருக்கிறது. 1901இல் காந்தி இந்தியா திரும்பக் கிளம்பியபோது இங்கிருந்த இந்தியர்கள் தங்கம், வெள்ளி, வைரம் என்று பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கென்றே 50 கினி மதிப்புள்ள தங்கச் சங்கிலி ஒன்றும் வந்தது. பொதுச்சேவைக்குக் கூலியாக நகை வாங்கக் கூடாது என்று காந்தி முடிவுசெய்து, முதலில் மகன்களைச் சம்மதிக்கவைத்து, பிறகு மனைவியிடம் பேசினார். உங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கும் வேண்டாம், நாளைக்கு வரப்போகும் மருமகள்களுக்கு? என்று கஸ்தூரிபா கேட்டார். கடைசியில் நகைகள் எல்லாம் மக்கள் நலனுக்கான அறக்கட்டளைக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் அந்தச் சம்மதத்தை எப்படியோ பறித்துத்தான் பெற்றேன் என்று காந்தியே பிற்பாடு எழுதியிருக்கிறார். அவருடைய முடிவு சரி என்றே நானும் நினைக்கிறேன். வழி சரியில்லை. பிள்ளைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு வயதான பெண்ணிடம் போய் நிற்பதை உங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். கணவரும் பிள்ளைகளும் உங்களோடு ஒத்துப்போனாலும் மாமியாரின் சம்மதம் தனியாக வர வேண்டும், தன் வேகத்தில் வர வேண்டும்.

சரி, துணி. இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டர்பனில் குளிர்காலம் என்பது சில வாரங்கள். நமக்கு அத்தனை ஸ்வெட்டர் தேவையில்லை. நல்ல நிலையில் உள்ளதைக் கொடுங்கள். கிழிந்த துவாலையையும் பழைய போர்வையையும் எஸ்பிசிஏ போன்ற விலங்குக் காப்பகங்களுக்குக் கொடுக்கலாம், நாய்க்கும் பூனைக்கும் விரிக்க உதவும். முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாக இருந்தால், உதாரணமாக சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் ஆர்யன் பெனவலன்ட் ஹோம், முன்கூட்டியே போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். நமக்கு வேண்டாததைச் சுமத்துவது தானம் ஆகாது. துவைத்து, மடித்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள்.

சமையலறைக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. புரட்டாசி வருமுன் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக் கழுவுகிறோம் இல்லையா? இறைச்சி சமைத்த பாத்திரங்களை எடுத்துக் கட்டிவைத்துவிட்டு விரதத்துக்கான பாத்திரங்களை இறக்குகிறோம். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கிறது, இங்கே அது வசந்தம் தொடங்கும் சமயமும்கூட. ஆகஸ்ட் கடைசியில் ஆரம்பித்தால் சரியாக இருக்கும். இதில் ஒரு நல்ல விஷயம், பாத்திரத்தைக் கட்டிவைப்பது மாமியாருக்கும் பழகிய வேலை. புது யோசனை என்று அவருக்குத் தோன்றாது. கட்டிவைத்த பாத்திரங்களில் எவற்றை விரதம் முடிந்ததும் தேடி எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். தீபாவளி தாண்டியும் எடுக்காதது கொடுக்கலாம் என்ற பக்கம் போகும்.

இரண்டு செட் பாத்திரம் வைத்திருப்பதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். அது நம் வழக்கம், அதற்கு இடம் ஒதுக்கத்தான் வேண்டும். ஆனால் விரதச் செட் சின்னதாக இருக்கட்டும்: சோற்றுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒன்று, தோசைக்கல். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றவும் கல்யாணத்துக்குப் பிரியாணி செய்யவும் வைத்திருக்கும் பெரிய அண்டாக்கள் எல்லா வீட்டிலும் தேவையில்லை. அண்ணன் தம்பி, அக்கா தங்கை வீடுகள் சேர்ந்து ஒரு செட் வைத்துக்கொண்டு, கராஜ் பெரிதாக இருப்பவர் வீட்டில் வையுங்கள்.

அப்புறம் அந்த 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்கள். எல்லா டப்பாவையும் எல்லா மூடியையும் தரையில் கொட்டுங்கள். ஜோடி சேராதவை உடனே வெளியே போகட்டும். மிச்சத்தில் உங்கள் ஃப்ரீசர் கொள்ளும் அளவு வைத்துக்கொள்ளுங்கள். சூடான கறியை அதில் ஊற்ற வேண்டாம், அந்தப் பிளாஸ்டிக் சூட்டுக்கென்று செய்ததில்லை.

ஒன்றை மட்டும் குறைக்காதீர்கள். தண்ணீர் கேன், வாளி, கேஸ் அடுப்பு, சார்ஜ் செய்யும் விளக்கு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் க்வாஸூலு-நேட்டாலில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்; டோங்காட் பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகள் மூடிக்கிடந்தபோது வீட்டில் அரிசியும் மாவும் வைத்திருந்தவர்கள் தாமும் சாப்பிட்டு அடுத்த வீட்டுக்கும் கொடுத்தார்கள். ‘தேவைப்படும்போது வாங்கிக்கொள்ளலாம்’ என்ற வெளிநாட்டு அறிவுரை மின்சாரமும் தண்ணீரும் நிற்காத ஊருக்குப் பொருந்தும். ஆனால் வாங்கிய தேதியை மேலே எழுதி, பழையதை முதலில் எடுத்துச் சமையுங்கள். இங்கத்துப் புழுக்கத்தில் மாவில் சீக்கிரம் வண்டு விழும்.

இப்போது காகிதம். நேரத்தை இங்கே செலவழியுங்கள்.

நடப்புக் காகிதங்களை ஒரே பெட்டியில் சேருங்கள்: பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள், வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ், உயில். உயிலின் மூலப்பிரதி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்; ஒருவர் இறந்தபின் அவர் சொத்து விவகாரத்தைக் கவனிக்கும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகம் கேட்பது மூலப்பிரதியைத்தான், நகலை வைத்துக்கொண்டு அலைய வேண்டிவரும். வருமான வரிக் காகிதங்களைக் கணக்குத் தாக்கல் செய்ததிலிருந்து 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அதைத் தாண்டியவற்றையும் பழைய பேங்க் ஸ்டேட்மென்ட்களையும் கிழித்துப் போடலாம். முழுசாகப் போடாதீர்கள், அடையாள எண்ணும் கணக்கு எண்ணும் அதில் இருக்கும்.

பழைய காகிதங்களை ஒன்றுவிடாமல் பாருங்கள். பைபிள் அளவில் ஒரு துணிப்பையோ, சாமி அலமாரிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியோ அநேகமாக இருக்கும். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை 152,184 பேர் கூலி ஒப்பந்தத்தில் நேட்டால் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதியிருப்பார்கள். முனுசாமி, கோவிந்தன் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஏராளமானவர்கள் வருவார்கள், எழுத்துக்கூட்டலும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி இருக்கும். எண் இருந்தால் உங்கள் பாட்டனாரின் கிராமத்துக்கே போய்ச் சேரலாம். இந்திய வம்சாவளி என்று நிறுவி ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை கேட்கவும் இது உதவும். அந்த எண் வீட்டில் எங்கே எழுதியிருக்கும்? பழைய திருமணப் பதிவில், கூலி ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த விடுதலைச் சான்றில், மடித்து மடித்து நாலாகக் கிழிந்துபோன ஒரு தாளில். ‘ஏதோ பழைய ரசீது’ என்று தூக்கிப்போடப்படுவது பெரும்பாலும் இதுதான்.

கிழிந்த தாளைச் செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேட் செய்யவும் வேண்டாம். போட்டோ எடுத்துக்கொண்டு, காகித உறையில் தட்டையாக வையுங்கள். டர்பனில் ஈரக்காற்று அதிகம், வெள்ளிப்பூச்சி காகிதத்தையும் பசையையும் தின்னும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலும் தரையிலும் வைக்காமல் உள்ளறையில் உயரமாக வையுங்கள். உங்களால் பாதுகாக்க முடியாது என்று தோன்றினால் டெர்பி தெருவில் உள்ள 1860 ஹெரிடேஜ் சென்டரையோ, க்வாஸூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தையோ அணுகிக் கேளுங்கள். பழைய தமிழ்ப் பாடப் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், நாடக அழைப்பிதழ் இவற்றையும் காட்டுங்கள். நம் பாட்டன் பாட்டி இங்கே எப்படித் தமிழ் படித்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

புகைப்படங்களில் அவசரம் ஒன்று இருக்கிறது. பசைத்தாளும் பிளாஸ்டிக் மேலுறையும் உள்ள ஆல்பங்களில் போட்டோக்கள் ஒட்டிக்கொண்டு நிறம் மாறும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். வராவிட்டால் இழுக்காமல் அப்படியே படம் பிடித்துக்கொள்ளுங்கள். விஎச்எஸ் கேசட்டுகளை இன்னும் தள்ளிப்போடாதீர்கள். தென்னாப்பிரிக்காவுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1976இல்தான். 1980களின் கல்யாண வீடியோக்கள் நம் குடும்பங்களில் குரலும் அசையும் முகமும் பதிவான முதல் தலைமுறை. அந்தக் காந்த நாடா தானாகவே கெட்டுப்போகும். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போகும் கருவியும் போகும். டிஜிட்டலுக்கு மாற்றுகிறவர்களிடம் கொடுங்கள். மாற்றிய பிறகு இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

இந்த வேலையில் மாமியாரை இழுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் அவருக்கு மட்டுமே தெரியும். சாயங்காலம் டீ போட்டுக்கொடுத்து ஒரு ஆல்பத்தை எடுத்து வைத்தால் போதும். பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆயா சொல்லச் சொல்ல மென்மையான பென்சிலால் படத்தின் பின்னால் எழுதச் சொல்லுங்கள். போனில் குரலையும் பதிவு செய்யுங்கள். தமிழும் இங்கிலீஷும் கலந்து வரும், வரட்டும். பெயரும் உறவும் பதிவாகிவிட்டால் மங்கலான படங்கள், ஒரே காட்சியின் பத்துப் படங்கள் இவற்றை அவரே ஒதுக்கிப் போடுவார். நான் பார்த்த வீடுகளில் பெரியவர்கள் பொருளை விடத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். கதை வேறொருவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதி வந்தபிறகு கை தானாகத் தளர்கிறது.

அதற்குப் பிறகு அவருடைய அலமாரி. பட்டுச் சேலைகளை அவர் கையாலேயே மகளுக்கும் மருமகளுக்கும் பேத்திக்கும் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பொங்கலோ பிறந்த நாளோ, ஒரு நல்ல நாளில் கொடுத்தால், அதை யார் உடுத்தினார்கள் என்று அவர் கண்ணாலேயே பார்க்கலாம். வைத்திருக்கும் சேலைகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் மடித்த கோட்டிலேயே பட்டு விட்டுப்போகும். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது. குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, பித்தளைச் சொம்பு ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் எடைக்குப் போடாதீர்கள். எது யாருக்கு என்று அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். விலை பெறும் நகையை மட்டும் உயிலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அவர் இல்லை என்றால் இல்லை. அவருடைய அறை அவர் விருப்பப்படி இருக்கட்டும். நடக்கும் வழியில் தடுக்கிவிழும்படி எதுவும் இல்லாமல், இரவில் குளியலறைக்குப் போகும் பாதை மட்டும் தெளிவாக இருந்தால் போதும். இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது கடினம் என்பதை அவரிடமும் நேராகச் சொல்லலாம்.

சாமி படங்களைப் பற்றி எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள். வருடாவருடம் காலண்டர் சாமி சேர்ந்துகொண்டே போகும். குப்பையில் போட மனம் வராது, அதனால் கடலிலோ ஆற்றிலோ விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கண்ணாடியும் ஆணியும் பிளாஸ்டிக் மாலையும் அலையில் திரும்பிவந்து குழந்தைகள் காலில் ஏறுகின்றன. ஒரு விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, படத்தைச் சட்டத்திலிருந்து பிரியுங்கள். காகிதத்தைச் சுத்தமான மண்ணில், செடிக்கடியில் புதைக்கலாம். சுட்ட களிமண் உடைந்திருந்தால் அதையும் புதைக்கலாம், சுடாத களிமண்ணை வாளித் தண்ணீரில் கரைத்துத் தோட்டத்தில் ஊற்றலாம். சட்டமும் கண்ணாடியும் இனி வெறும் சட்டமும் கண்ணாடியும். உலோகச் சிலையாக இருந்தால் உங்கள் கோயில் ஐயரிடமோ பூசாரியிடமோ கேளுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பழைய டிவி, கெட்டில், போன், சார்ஜர், வயர் எதையும் கறுப்புப் பையில் போடாதீர்கள். மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்ட 2021 ஆகஸ்ட் 23 முதல் தடை இருக்கிறது. மறுசுழற்சிக்கு வாங்கும் இடங்களில் கொடுங்கள். காலாவதியான மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமல் மருந்துக்கடையில் திருப்பிக் கொடுங்கள். கண்ணாடி அலமாரியில் யாரும் தொடாத கிளாஸ் செட்டை அன்றாடம் பயன்படுத்தத் தொடங்குங்கள். உடைந்தால் உடையட்டும், அது அதற்காக வாங்கியதுதான்.

வெளியே போவது ஒரு பக்கம் என்றால் உள்ளே வருவது மறுபக்கம். நவம்பர் பிளாக் ஃப்ரைடேயில் வாங்கும் ஏர் ஃப்ரையரும் பிளெண்டரும் வீட்டை மறுபடி நிரப்பிவிடும். ஒரு சின்னத் தாளை ஃப்ரிட்ஜில் ஒட்டி, வாங்க நினைப்பதைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் தேவை என்றால் வாங்குங்கள். பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு மாமா, அத்தை, சித்தியிடம் பொம்மைக்குப் பதிலாக ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடற்கரைக்கோ பொட்டானிக் கார்டனுக்கோ போனால் செலவும் குறைவு.

தீபாவளித் தட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். தெருவில் எல்லோரும் பலகாரம் பரிமாறிக்கொள்வது நம்மிடம் இன்னும் உயிரோடு இருக்கும் அருமையான வழக்கம், அதைக் குறைக்கவே கூடாது. சேர்வது பலகாரம் அல்ல, பிளாஸ்டிக் டப்பாவும் தட்டும்தான். பலகாரம் வந்த தட்டை அன்றைக்கே கழுவி, உங்கள் வீட்டு முறுக்கையும் அதிரசத்தையும் அதிலேயே வைத்துத் திருப்பி அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கும்போது மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் கொடுத்து, ‘டப்பா திரும்ப வரணும் அக்கா’ என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். உரிமையோடு சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.